ஆணியில் தொங்கிய பேட்ஜ்

“அக்கா, இறுக்கிப் பிடிங்க. அசைஞ்சா மறுபடி எடுக்கணும்” என்று மறைப்புச் சுவருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான் எக்ஸ்ரே எடுக்கும் பாக்கியராஜ்.

கையை ஒடித்துக்கொண்டு வந்த இரண்டு வயதுப் பிள்ளை ஊரையே கூட்டிக்கொண்டிருந்தது. இன்னாசியம்மாள் அதன் முழங்கையைத் தட்டின்மேல் அமுக்கினாள். அவளுடைய ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த துணியில் மஞ்சளாக ஈரம் கசிந்திருந்தது. மெஷின் ‘டக்’கென்றது.

“அம்புட்டுத்தான் ராசா, முடிஞ்சிருச்சு.”

சாணார்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, நாகல் நகரிலிருக்கும் இந்த எலும்பு ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாக அவள் பார்ப்பது இந்த வேலைதான். திமிறுகிற பிள்ளைகளைப் பிடிக்க வேண்டும். டாக்டர் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே எலும்பைச் சேர்க்கும்போது உடைந்த காலை இழுத்துப் பிடிக்க வேண்டும். எக்ஸ்ரே மேலே படாமல் தடுக்கும் ஈய அங்கி ஒன்றே ஒன்று இருந்தது, அது டாக்டருக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்பு நகங்கள் கறுத்தன. பிறகு தோல் வெடித்தது. பிலிம் கழுவும் மருந்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள். புண் ஆறுகிற வழியாயில்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிச் சோதித்துவிட்டு, போன வாரம்தான் சொன்னார்கள், புற்று என்று. இரண்டு விரல்களை எடுத்தாக வேண்டும். “வேலை பாக்குற இடத்துல எக்ஸ்ரே பட்டுத்தான் இப்படி ஆயிருக்கும்மா. நஷ்டஈடு உண்டு. அங்க எழுதி வாங்கிட்டு வா” என்றார் அந்த டாக்டர்.

அதை வாங்கத்தான் இன்று மதியம் தன் ஆஸ்பத்திரி டாக்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

“இன்னாசி, ஒனக்கும் பேட்ஜ் குடுத்திருந்தோம்ல? மேல எம்புட்டு எக்ஸ்ரே படுதுன்னு அது காட்டிக்குடுக்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா பம்பாய்க்குப் போய் கணக்கு வருது. பாரு, ஏழு வருஷமா ஒண்ணுமே படலன்னுதான் வந்திருக்கு. கீழ இருக்கது ஒன் கையெழுத்துத்தானே?”

கையெழுத்து அவளுடையதுதான்.

“சார், அது வெளியில ஆணியில தொங்குறது ஒங்களுக்குத் தெரியாதா? தெனமும் அதத் தாண்டித்தானே வாரீக?”

“போட்டுக்க வேண்டியது ஒன் பொறுப்பும்மா.”

தொண்ணூத்தாறில் ஒரு தடவை பேட்ஜில் கணக்கு எகிறி வந்தது. மூன்று மாசம் எக்ஸ்ரே பக்கம் வரக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சம்பளம் கிடையாது. அந்த மூன்று மாசமும் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. திரும்பி வந்த அன்றே பாக்கியராஜ் காதோடு சொன்னான்: “அக்கா, இத வெளியிலயே மாட்டிட்டு வாங்க. நானும் அப்படித்தான்.” அன்றிலிருந்து தினமும் காலையில் வரவேற்பறையில் இருதய ஆண்டவர் படத்துக்குச் சிலுவை போட்டுவிட்டு, அதற்குக் கீழேயுள்ள ஆணியில் பேட்ஜை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். புத்திசாலித்தனமென்றுதான் நினைத்திருந்தாள். தன் கைக்கு எதிராகத் தானே பொய்ச்சாட்சி எழுதிவிட்டோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

“ஆபரேஷன் முடிச்சிட்டு வா. கூட்டுற வேலை இருந்தா பாப்போம்” என்று டாக்டர் ஃபைலை மூடினார்.

அவள் வெளியே வந்தாள். ஆணியில் அவளுடைய பேட்ஜோடும் பாக்கியராஜுடையதோடும் புதிதாக ஒன்றும் தொங்கியது. சுகன்யாவுடையது. இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண், இன்னும் கல்யாணமாகவில்லை. காலையில் அவள் “எங்க மாட்டணும்க்கா?” என்று கேட்டபோது இந்த ஆணியைக் காட்டியதே இன்னாசியம்மாள்தான்.

சுகன்யாவின் பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஏ சுகன்யா! கதவத் தெறடி!” துணி சுற்றிய கையாலேயே தட்டினாள்.

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதற்கு மேலே பாக்கியராஜின் குரல் கேட்டது.

“பாப்பா, இறுக்கிப் பிடி. அசையக்கூடாது.”

மெஷின் ‘டக்’கென்றது. பேட்ஜ் இன்னாசியம்மாளின் கையில் இருந்தது.