யாரும் எழுதாத பாட்டு

சலவைக்கூடத்தில் அவளுக்கு முணுமுணு என்று பெயர். ஓட்டல் போர்வைகளை மடிக்கும்போது எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். போர்வையின் எதிர்முனையைப் பிடிப்பது அவளுடைய அத்தை. வேலை வாங்கிக் கொடுத்ததும் அத்தைதான், அதைத் தினமும் சொல்லிக்காட்டுவதும் அத்தைதான். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறி, கிட்டே வந்து சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். அந்த நடையிலேயே ஒரு நாள் பாட்டு வந்து விழுந்தது.

உன் மூலை நீ பிடி, என் மூலை நான் பிடிக்க
கிட்ட வந்தா பாதியாவோம், எட்டப் போனா கிழிஞ்சிடுவோம்.

இப்படித் தொடங்கி இன்னும் சில அடிகள். சொல்லும் அவளுடையது, மெட்டும் அவளுடையது. சின்ன வயதில் அப்படி ஒன்று சிக்கினால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்? அத்தை மட்டும், "பாட்டு கெடக்கட்டும், மடிப்பு கோணுது பாரு" என்றாள்.

டயர் கடைக்கு மேலே, மாடியில், நாட்டுப்புறப் பாட்டுச் சங்கம் இருந்தது. அதன் மேடையில் ஏறிவிட்டால் ரேடியோ, ரெக்கார்டிங் எல்லாம் தானாக வரும் என்று பேச்சு. சங்கத் தலைவர் ஒரு தாடிக்காரர். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, உழைக்கும் மக்களை நினைத்து உருகுவதே அவருக்கு முழுநேர வேலை. முணுமுணு லீவு போட்டுவிட்டுப் போய், தன்னுடைய பழைய கிதாரை மீட்டிப் பாடினாள். தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்."

ஈரம் சட்டென்று காய்ந்துவிட்டது. "அடடா. அப்ப இது நாட்டுப்புறப் பாட்டு ஆகாதேம்மா. அதை யாரும் எழுதியிருக்கக் கூடாது."

"நானே சலவைக்குப் போறவதான் சார். வேலை செய்யறப்போ வந்த பாட்டு."

"அது உன் தொழில். நான் பாட்டைச் சொல்றேன்."

கிதாரை உறைக்குள் போட்டவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க அத்தை பாடுவாங்க சார். சின்ன வயசுல கேட்டதாம். சும்மா, நான் எழுதினதுன்னு சொல்லிப் பார்த்தேன்."

தாடிக்காரருக்கு வாயெல்லாம் பல். முதலில் மேடை, பிறகு உண்மை என்று அவள் கணக்குப் போட்டாள். புத்திசாலிகள் எல்லாரும் போடுகிற கணக்குதான்.

மறுவாரமே அவர் ரெக்கார்டரோடு சலவைக்கூடத்துக்கு வந்து நின்றார். முணுமுணு கண்ணாலேயே கெஞ்சினாள். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல ஜலதோஷம். "என்ன கரகரப்பு! மண்ணோட குரல்!" என்று தாடிக்காரர் தலைகால் புரியாமல் ஆடினார். "படகுப் பாய் மடிக்கிறப்போ பாடினதா இருக்குமோ?"

கடலையே பார்த்திராத அத்தை, "வேற எதுக்குங்கய்யா பாடுவாங்க?" என்றாள்.

அவ்வளவுதான். பாட்டுக்கு முந்நூறு வயதாகிவிட்டது. தாடிக்காரர் கட்டுரை எழுதினார், ரேடியோவில் அத்தையின் ஜலதோஷம் சக்கைப் போடு போட்டது. முணுமுணுவையும் ஒரு தடவை பாடவிட்டார்கள். நகரத்து வாடை அடிக்கிறது, அத்தையிடம் இன்னும் பாடம் கேட்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவள் நேரே மாடியேறிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

தாடிக்காரர் கோபப்படவே இல்லை. அன்பாகச் சிரித்தார். "கேட்கிற எல்லாருக்கும் நாமே எழுதின மாதிரி தோணும்மா. அதுதான் இந்தப் பாட்டோட பெருமை."

வீட்டுக்கு வந்து அத்தையைப் பிடித்தாள். "நீங்களாவது சொல்லுங்க அத்தை."

"யோசிச்சுப் பார்த்தா எங்கேயோ கேட்ட மாதிரிதான்டி இருக்கு."

"என் வாயிலதான் கேட்டீங்க! எதிர்ல நின்னு!"

அத்தை கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷத்துல என்னை யாராவது நிமிர்ந்து பார்த்திருக்காங்களா? உனக்கு வயசிருக்கு. இன்னொண்ணு எழுதிக்கோயேன்."

பெரிய மேடை வந்தது. நடுவில் அத்தை, சலவைக்கூடத்துச் சீருடையில். அப்படித்தான் வர வேண்டும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். முணுமுணுவுக்கு ஓரத்தில் ஓர் இடம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று கீழே கூட்டத்தோடு போய் நின்றாள். இரண்டு அடி நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவதில் அத்தை தடுக்கி நின்றாள். வாய் திறந்தபடியே இருந்தது, சொல் வரவில்லை. கண் மட்டும் கூட்டத்தில் அங்குமிங்கும் தேடியது. யாரைத் தேடுகிறது என்று முணுமுணுவுக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். தவிக்கட்டும். இப்போது தெரியட்டும், பாட்டு யாருடையது என்று.

கூட்டம் பாடியது. பின்வரிசையில் ஒருவர் தொடங்க, ஒட்டுமொத்த மைதானமும் மூன்றாவது அடியை எடுத்துக்கொண்டது. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. முணுமுணுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமையா ஆத்திரமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

பக்கத்தில், தோளில் குழந்தையோடு நின்ற ஒருவர் அவளுடைய மூடிய வாயைப் பார்த்தார். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"வார்த்தை தெரியலையாம்மா? வெட்கப்படாதே. என் வாயைப் பார்த்துக்கிட்டே பாடு."