கல்மன் தலைக்கு மேல் நின்ற சூரியன்

யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் விரதம் முடிய வேண்டிய திங்கட்கிழமை மாலை கிரினோவ்காவில் எல்லோருக்கும் இருட்டியது. மரவியாபாரி கல்மனுக்கு மட்டும் இருட்டவில்லை. ஊர் விரதம் முடிந்ததற்கு அடையாளமாக வானில் மூன்று நட்சத்திரம் பார்த்துவிட்டு மீனும் ரொட்டியும் தின்னப் போயிற்று. கல்மன் நடந்த இடமெல்லாம் போர்வை அகலத்துக்கு வெயில் கூடவே வந்தது. ஜெபக்கூடத்தில் கிழக்குச் சுவரோரம் உட்காரும் பெரிய மனிதர், சூரியன் தலைமேல் நிற்க, ஊர் பார்க்க எப்படி வாயில் பருக்கை வைப்பார்? உயிருக்கு ஆபத்தென்றால் சாப்பிடலாம் என்று ஊர் மதகுருவான ரபி இரண்டு முறை சொன்னார். கல்மன் மாட்டேன் என்றார்.

காரணம் அவருக்குத் தெரியும். விரதத்துக்கு முந்தின நாள் கூலியாள் மெய்லெக் அவர் வீட்டுக் கூரையில் ஏறிப் பலகை மாற்றினான். சூரியன் மறையுமுன் கூலி கொடு என்பது வேதம். ஆள் வாய்திறந்து கேட்காதவரை முதலாளிக்குப் பாவமில்லை என்பது கல்மன் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட விதி. கூலியாள் வாசலுக்கு வந்ததும் அவர் சுவர் பக்கம் திரும்பி, கால்களைச் சேர்த்து, மௌன ஜெபத்தில் நின்றுவிடுவார். ஜெபத்தில் நிற்பவரை யாரும் கூப்பிடக் கூடாது. என்ன பக்தி என்று ஊர் மெச்சியது. மெய்லெக் தொப்பியைப் பிசைந்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு, வெறும் வயிற்றோடு விரதத்துக்குப் போனான்.

புதன்கிழமை கல்மனின் நாக்கு தடித்தது, நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. மெய்லெக்கின் கூலி விஷயம் கசிந்ததும் ஊர் பயந்துபோய்ப் பத்து வருஷத்துக் கூலிப் பாக்கியெல்லாம் தீர்த்தது. ரபிகூடக் குளியல் தொட்டிக்கு வெந்நீர் போடுகிறவனைத் தேடி ஓடினார். கல்மனும் பையில் கை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது: யோம் கிப்பூரில் காசைத் தொடக் கூடாது. அவருக்கு இன்னும் அதே நாள்தான். செத்தாலும் இந்த வெளிச்சத்தில்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு இருட்டி ரெண்டு நாளாச்சு, நான் தொடலாம். காசுப் பெட்டி எங்கன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி ஃப்ரூமெட். இருபது வருஷமாக அவளிடம் மறைத்த இடம் அது. ஊருக்கு விடியும்வரை யோசித்தார். பிறகு அடுப்புக்குப் பின்னால் கை காட்டினார்.

ஃப்ரூமெட் கொண்டுவந்து நீட்டிய காசை மெய்லெக் பார்த்தான். "நான் கேக்கவே இல்லையேக்கா."

"கேக்க விட்டாத்தானே."

வாங்கிக்கொண்டான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்மனுக்குச் சூரியன் மறைந்தது. பட்டப்பகல் சந்தையில், தன் இருட்டுக்குள் நின்று, அவர் ரொட்டியைக் கடித்தார்.

பின்தங்கிய நாட்கள் திரும்பவில்லை. ஊருக்குத் திங்கட்கிழமை காலை பத்தாகும்போது அவருக்கு வெள்ளி மாலையாகி, ஓய்வுநாளான சபாத் தொடங்குகிறது. ஃப்ரூமெட் வாரத்தில் இரண்டு முறை சபாத் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். பத்துப் பேர் கூடினால்தான் நடக்கும் கூட்டு ஜெபத்துக்குப் பத்தாவது ஆள் குறைந்தால், கல்மனுக்கு இன்று என்ன கிழமை என்று விசாரித்துவிட்டுத்தான் ஆளனுப்புகிறார்கள்.