பூக்கட்டிப் பார்த்த பயணம்

கறுப்புக் கண்ணாடிக்குள் அது பச்சையாகத்தான் தெரிகிறது, நெருப்பு என்றால் நம்ப மாட்டார்கள், இலை நுனியில் நிற்கிற ஒரு சொட்டு வெயில் மாதிரி, உலகம் முழுக்க அணைந்துபோய் அந்தச் சொட்டு மட்டும் நடுங்கிக்கொண்டு இரும்பை உருக்கி உருக்கி நகர்கிறது, அதன் பின்னால் என் கை போகிறதா என் கைக்குப் பின்னால் அது வருகிறதா என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்ததில்லை, ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பது தெரிகிறது, வளைகுடாக் கம்பெனிக்கு வெல்டர் எடுக்க டெஸ்ட் வைக்க வந்தவர், துவாக்குடியில் இந்தத் தகரக் கொட்டகைக்குள் காலையிலிருந்து ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்றவர், என் பின்னால் மட்டும் ஏன் கூடுதலாக நிற்கிறார், கையைப் பார்க்கிறாரா, வேறொருவனுக்காக டெஸ்ட் கொடுக்க வந்தவன் என்று முகமூடிக்குள் முகத்தைத் தேடுகிறாரா, தேடட்டும், நானும் அவர்களைத் தேடிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், இந்த டெஸ்டுக்கு ஆள் சேர்க்கிற சென்னை ஏஜென்சியின் பதிவு எண்ணை அரசாங்க இணையதளத்தில் போட்டு, பெயர் வருகிறதா, உரிமம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, அதையும் நம்பாமல் பஸ் ஏறிப் போய் அந்த முகவரியில் நின்று, போர்டைப் படித்து, எதிர் டீக்கடையில் இது எத்தனை நாளாக இங்கே இருக்கிறது என்று விசாரித்து, டீக்கடைக்காரர் அவர்களுடைய ஆளாக இருக்குமோ என்று பாதி டீயோடு எழுந்து வந்தவன் நான்.

இரண்டு குழாய்த் துண்டுகளைச் சாய்த்துக் கட்டி முனைக்கு முனை ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள், உருகின இரும்பின் முதல் ஓட்டம்தான் உயிர், அது உள்பக்கம் போய் உட்காரும், அதன்மேல் அடுத்தடுத்த ஓட்டம் வந்து மூடிவிட்டால் பிறகு அதை யாரும் பார்க்க முடியாது, வெளியே மீன்செதில் அடுக்கினாற்போல் அழகாக இருக்கும், உள்ளே காற்றுக்குமிழி தூங்கிக்கொண்டிருக்கும், அதனாலேயே எனக்கு வெளி அழகு என்றால் ஒரு பயம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற தனபாலுடைய ஆபீஸ் அப்படித்தான் அழகாக இருந்தது, திருவெறும்பூர்க் கடைத்தெருவில் மாடிமேல், ஏசி ஓடுகிறது, சுவர் நிறைய விமானம், தனபால் எனக்கு ஜூஸ் கொடுக்கிறார், டிகிரி இருக்கா தம்பி என்கிறார், டிகிரி எங்கண்ணே, பத்தாவதே கணக்குல போயிருச்சு என்கிறேன், அட அத யாரு கேட்டா, வெள்ளிக்கிழமைக்குள்ள பாஸ்போர்ட்டக் கொண்டாந்து குடுங்க, விசிட் விசாவுல ஏத்தி விடுறேன், எறங்குனதும் அங்க வேலை விசாவா மாத்திக்கலாம், டெஸ்ட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது, விசிட்டுன்னா சுத்திப் பாக்குறதுதானேண்ணே என்கிறேன், ஆமா, ஏர்போர்ட்ல கேட்டா டூரிஸ்ட்டுன்னு சொல்லுங்க, ஒரு கூலிங் கிளாஸ் மாட்டிக்கங்க, கையெல்லாம் நெருப்புப் பொறி பட்ட தழும்பா இருக்கேண்ணே, முழுக்கைச் சட்டை போடுங்க தம்பி, மாத்திக்க முடியலன்னா என்னண்ணே ஆகும், அவர் முகத்திலிருந்து சிரிப்பு ஒரு விநாடி இறங்கிப் போய்த் திரும்பி வருகிறது, நீங்க வேலைக்கிப் போகப் போறீங்களா இல்ல போலீஸ்ல சேரப் போறீங்களா.

பாஸ்போர்ட்டில் உள்ள ஈ.சி.ஆர். முத்திரையை, அதாவது வெளிநாட்டு வேலைக்கு அரசாங்க அனுமதி வாங்கித்தான் போக வேண்டும் என்கிற முத்திரையை, ஊரில் அம்மைத் தழும்பைப்போல மறைக்கிறார்கள், பத்தாவது தேறாதவன் என்று அர்த்தமாம், எனக்கு அது ஒரு பூட்டாகத்தான் பட்டது, பூட்டு என்றால் எப்படித் திறக்கிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, வளைகுடாவோ மலேசியாவோ சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவனுடைய ஒப்பந்தத்தை இங்கேயே ஓர் அதிகாரி படித்துப் பார்க்க வேண்டும், சம்பளம் எழுதியிருக்கிறதா, தங்க இடம் உண்டா என்று பார்த்து, காப்பீடு எடுத்தானா என்று கேட்டு, அப்புறம்தான் போ என்பார்கள், அவமானம் என்று நாம் நினைப்பது நமக்காக இன்னொருவர் படிக்கிற ஏற்பாடு, இதை அல்லியிடம் அரிவாள்மனைக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாக விளக்கினேன், அல்லி என் மனைவி, மாமன் மகள், சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், முறையான வழி இது ஒன்றுதானா என்றால் இல்லை, தனித்தேர்வு எழுதிப் பத்தாவது தேறிவிட்டால் முத்திரையே போய்விடும், சிங்கப்பூருக்கு என்றால் தொழில் பரீட்சை மையம் இருக்கிறது, ஜப்பானுக்குப் போக டிகிரி கேட்பதில்லை, அவர்கள் பாஷையில் ஒரு பரீட்சை, தொழிலில் ஒரு பரீட்சை, பாஷையா என்று நிமிர்ந்தாள், மாமா, நான் தமிழ்ல சொல்றதே உங்களுக்குப் பாதிதான் ஏறுது, இதுல ஜப்பானா.

ஆனால் சென்னைக்காரர்கள் கூப்பிடவில்லை, கம்பெனி ஆள் வரும்போது சொல்கிறோம், வரும்போது சொல்கிறோம், காத்திருக்கச் சொல்கிறவனிடம் வேலையே இல்லையோ என்று ஒரு சந்தேகம், அவசரப்படுத்துகிறவனிடம் விசாவே இல்லையோ என்று இன்னொரு சந்தேகம், இரண்டுக்கும் நடுவில் வெள்ளிக்கிழமை வந்துகொண்டே இருந்தது, இங்கே பட்டறையில் வேலை பாதி நாள்தான், அப்போதுதான் அல்லி சொன்னாள், காளியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம் மாமா, வெள்ளை வந்தா தனபால்கிட்டப் போங்க, செவப்பு வந்தா இருங்க. வெள்ளைக்கு நந்தியாவட்டை ஒன்று, சிவப்புக்குச் செவ்வரளி ஒன்று, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பது வழக்கம், அல்லியே மடித்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள், எடுக்கப் பூசாரி கையை நீட்டினார், வேண்டாம் என்றேன், தனபாலுக்கு வேண்டியவராக இருந்தால் என்ன செய்வது, நானே எடுக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு, நானே குலுக்கி, எடுத்துப் பிரித்தால் சிவப்பு, பூசாரி மணியடித்தார், கிடக்கிற இன்னொரு பொட்டலத்தின்மேல் கோழி பாய்வதுபோல அல்லியின் கை விழுந்ததைப் பார்த்தேன், சாமி பூ, தலையில வச்சுக்கிறேன் என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டாள், வீடு வரும்வரை வைத்துக்கொள்ளவில்லை, எடுக்கிறவனைச் சந்தேகப்பட்டேனே, கட்டுகிறவளைப் பார்க்காமல் விட்டேனே என்று வழி முழுக்க எனக்கு முதுகு அரித்தது.

குடு என்றேன், எத என்றாள், முந்தானையில இருக்கிறத, அவளே அவிழ்த்துப் போட்டாள், அதுவும் செவ்வரளி, அம்மன் முன்னாடியே ஏமாத்திருக்கியேடி என்று கத்தினேன், ஆமா, ரெண்டும் செவப்புத்தான், அதுக்கு என்ன இப்ப, அம்மன் எங்கிட்டக் கேட்டுக்கட்டும், உனக்கு நான் எங்கயும் போகக்கூடாது, அதானே என்றேன், அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள், அப்புறம் என்னைப் பார்க்காமல் அவள் அண்ணனைப் பற்றிப் பேசினாள், முத்தையன் மச்சான் விசிட் விசாவில் மலேசியா போனவர், மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அவருக்கும் சொன்னார்கள், மாறவில்லை, விசா முடிந்தும் ஏதோ சாப்பாட்டுக் கடையின் பின்கட்டிலேயே ஒளிந்து இருக்கிறார், அப்பா செத்தப்ப அவன் வர முடியலியே மாமா, வந்தா ஏர்போர்ட்லயே புடிப்பாங்க, சித்தப்பா மவன்தான கொள்ளி வச்சான், போனைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு சுடுகாட்டு வாசல்ல நின்னது யாரு, நாந்தான, போனுக்குள்ள அவன் அழுவுறான், இந்தப் பக்கம் காட்டு, அந்தப் பக்கம் காட்டுங்கிறான், கை நோவுது, எறக்க முடியல, உங்களுக்கும் அப்படித் தூக்கிப் புடிக்கச் சொல்றீங்களா, முறையாப் போனா முறையா வரலாமுல்ல, அதுக்குமேல எனக்கு ஒண்ணும் தெரியாது.

வெள்ளிக்கிழமை தனபால் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை, ஆனால் அண்ணன் கதை உண்மை என்பதாலேயே அவள் மனசு முழுக்க அதுதான் என்று ஆகிவிடுமா, போக வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் முறையாப் போ என்கிறாளோ, முறை என்றால் நாள் பிடிக்கும் என்று கணக்குப் போட்டாளோ, சென்னையிலிருந்து கூப்பிட்டு டெஸ்டுக்குத் தேதி சொன்னபோது அவள் முகத்தை வெல்டிங்கைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன், வெளியே ஒரு கீறல் இல்லை, நானும் வர்றேன் என்றாள், எதுக்கு, சும்மா, வாசல்ல நிக்கிறேன்.

பச்சைச் சொட்டு குழாயின் அடிவயிற்றைச் சுற்றி மேலேறி முடிகிறது, முகமூடியைத் தூக்கினால் பகல் கூசுகிறது, ஆறவைத்து, துண்டாக அறுத்து, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து வளைக்கிறார்கள், உள்ளே குமிழியிருந்தால் இங்கே வாய் பிளந்துவிடும், இரும்பு வில்லாக வளைகிறது, வாயைத் திறக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் நின்றவர் இப்போது முன்னால் வந்து பெருவிரலால் தடவிப் பார்க்கிறார், சரி என்கிறார், உள்ளயும் வெளியயும் ஒரே மாதிரி இருக்குப்பா, ஒப்பந்தம் வரும், படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு, ஈ.சி.ஆர். தானே, அனுமதி வாங்கித்தான் அனுப்புவாங்க, பாஸ்போர்ட் காப்பி மட்டும் குடுத்துட்டுப் போ, நான் அதைக் கொடுத்து ரசீது கேட்கிறேன், அவர் சிரித்துக்கொண்டே எழுதித் தருகிறார்.

வாசலில் அல்லி, தகரத்தின் இடுக்கு ஓரமாக, கண் இரண்டும் சிவந்து, என்னாச்சு மாமா என்கிறாள், தேறியாச்சு, போகலாமுன்னுட்டாங்க என்கிறேன், நல்லது என்று சட்டென்று தெருவைப் பார்க்கிறாள், அழுதியா, ச்சே, இந்தச் சந்துல நீங்க பத்தவச்சதப் பாத்துக்கிட்டே இருந்தேனா, வெறுங்கண்ணு, அதான், பச்சையாத் தெரியும்பீங்களே, எனக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சது, ஒரே வெள்ளை. ஆர்க் வெளிச்சம் பட்ட கண் உடனே சிவக்காது, மணிக்கணக்காகும், ராத்திரிக்குத்தான் மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்திச் சிவக்கும், ஏன் அப்படி ஆகிறது, எந்தக் கண்ணாடி போட்டால் ஆகாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும், வேறு எவரிடமென்றாலும் நின்று விளக்கியிருப்பேன், கைக்குட்டையைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவளிடம் கொடுத்து, கண்ணுல வச்சுக்க, வெளிச்சம் பட்டா அப்படித்தான் ஆகும் என்கிறேன்.