அக்காவின் அக்கா

நர்ஸுக்கு டீச்சரைக் கண்டாலே ஆகாது. வந்து இறங்கிய முதல் நாளே அது முடிவாகிவிட்டது. விமானத்திலும் பஸ்ஸிலும் இடுப்பொடிய உட்கார்ந்து, மூட்டை முடிச்சுகளோடு மாடியேறி வந்த நர்ஸையும் அவள் புருஷன் பாஸ்டரையும் வாசலிலேயே நிறுத்தி, "செருப்பைக் கீழ விட்டுட்டு வாங்க. இப்பதான் துடைச்சேன்" என்றாள் டீச்சர். அந்தப் பேச்சில் 'வாங்க' என்ற வார்த்தை இருந்தது உண்மைதான். வரவேற்பு மட்டும் இல்லை.

மிஷன் அனுப்பிய இரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து அந்த ஊரில் ஒரே வீடு. கீழே, முன்பு கடையாக இருந்த இடத்தில் நர்ஸின் கிளினிக். அதற்குப் பின்னால் ஒரு நீள அறையில் டீச்சர் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வகுப்பெடுத்தாள். மாடியில் ஆளுக்கொரு அறை, பொதுவில் ஒரு சமையலறை. டீச்சரின் புருஷன் மெக்கானிக். மிஷன் ஜீப்பையும் ஜெனரேட்டரையும் சாகவிடாமல் வைத்திருப்பது அவர் ஊழியம். அவரும் பாஸ்டரும் பார்த்த அன்றே அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். சமையலறையில் குரல் உயர ஆரம்பித்தால் போதும், இருவருக்கும் ஒரே நேரத்தில் ஜீப்பில் ஏதோ சத்தம் கேட்கும். எழுந்து கீழே போய்விடுவார்கள்.

நர்ஸ் கழுவி வைத்த பாத்திரத்தை டீச்சர் மறுபடி கழுவுவாள். யாரும் பார்க்காதபோது செய்தாலாவது பரவாயில்லை. பக்கத்தில் நிற்கவைத்தே செய்வாள்.

"நான் ஆபரேஷன் தியேட்டர்ல கத்தி கழுவினவ" என்றாள் நர்ஸ் ஒருமுறை.

"அதான் பார்த்தேன். இது கத்தி இல்ல, கரண்டி."

நர்ஸ் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. டீச்சருக்குத் தலைவலி என்றால் "பல்லைக் கடிச்சுக்கிட்டே இருந்தா வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி மாத்திரையை நீட்டுவாள். இரண்டு பேரும் தனித்தனியாக, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், மிஷன் செயலாளருக்குப் போன் செய்து, எங்களை வேறு ஊருக்கு மாற்றுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் இருவரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "பொறுமையா இருங்கம்மா. சிலுவைன்னா பாரம் இருக்கத்தான் செய்யும்." சமையலறையில் கரண்டியோடு நிற்கும் சிலுவையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நர்ஸ் மனதுக்குள் கரித்துக் கொட்டுவாள்.

வெளியே போனால் அதைவிட மோசம். அந்த ஊருக்கு இவர்கள் வேண்டவே வேண்டாம். தையல் கடை வரப்போகிறது என்று தரகர் சொன்னதை நம்பி வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா, உண்மை தெரிந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று முறைப்பதையே தொழிலாக வைத்திருந்தாள். வாசல் கதவில் இரண்டு தடவை யாரோ கழிவு எண்ணெயை ஊற்றிவிட்டுப் போனார்கள். கிளினிக்குக்கு ஆட்கள் வந்தார்கள், ஆனால் பின்வாசல் வழியாக. சீழ் வைத்த புண்ணைக் காட்டி, கட்டுப் போட்டுக்கொண்டு, நன்றி என்று முணுமுணுத்துவிட்டுப் போகும் அதே ஆள் மறுநாள் தெருவில் பார்த்தால் காறித் துப்புவார்.

பெண்கள் தனியாக வெளியே போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போகவேண்டும் என்பது மிஷன் விதி. அதனால் ஜென்மப் பகையாளிகள் இருவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் ஒன்றாகவே கடைக்குப் போனார்கள், ஒன்றாகவே வந்தார்கள். இவர்கள் முறை வரும்போது கடைக்காரர் தராசை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். டீச்சர் அந்த ஊர்ப் பாஷையில் அவரோடு மல்லுக்கு நின்று தராசை வெளியே வரவைப்பாள். அந்தப் பாஷை அரைகுறையாகத் தெரிந்த நர்ஸ் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். அப்படி நிற்பது பிடிக்காது. ஆனாலும் நிற்பாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் நர்ஸின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அப்பா இல்லாத வீடு அது. அம்மா வேலைக்குப் போக, தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நர்ஸ். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் அரசு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. விதிப்படி டீச்சரைக் கூட அழைத்துக்கொண்டு நர்ஸ் அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கெஞ்சினால் ஜன்னலைச் சாத்தினான். வரும் வழியில் டீச்சர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "வேகமா நடங்க, மழை வருது" என்றாள்.

பாஸ்டரும் மெக்கானிக்கும் மலைப்பக்கத்துக்கு ஜீப்பில் போய், வெள்ளத்தில் ரோடு அறுத்துக்கொண்டதால் திரும்பிவர முடியாமல் சிக்கிக்கொண்ட வாரம் அது. காலையில் நர்ஸ் சமையலறை மேஜையில் கட்டுத்துணியை வெட்டி மடித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் போனை ஜன்னல் திட்டிலேயே வைத்து ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள். யார் யாரிடம் பேசினாலும் வீட்டுக்கே கேட்கும்.

தம்பிதான் கூப்பிட்டான்.

"அம்மா போயிட்டாங்க" என்றான்.

நர்ஸின் கையில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. "எப்ப?"

"முந்தாநேத்து. நேத்து அடக்கம் பண்ணிட்டோம்."

"ஏன்டா எனக்குச் சொல்லல?"

"சொன்னா வந்து கிழிச்சிருப்பியா? முடியாமக் கிடந்தப்ப வந்தியா? உன் பேரைச் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போய்ச் செத்தாங்க. உனக்குத்தான் ஊர்ல உள்ளவங்க எல்லாம் அம்மாவாச்சே, அவங்களுக்குக் கட்டுப் போடு. இனிமே இங்க உனக்கு யாரும் இல்ல. போன் பண்ணாத."

நர்ஸ் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அடுப்பை அணைக்கும் ஓசை கேட்டது. டீச்சர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, போனை வச்சிராத. நான் உன் அக்காவோட அக்கா பேசறேன்."

"எங்க அக்காவுக்கு ஏது அக்கா?" என்றான்.

"இப்ப வந்திருக்கேன். கேளு. உன் அக்கா பாஸ்போர்ட்டைக் கேட்டு அந்த ஆபீஸ் வாசல்ல மழையில நின்னா. அவன் கால்ல விழாத குறைதான். நீ பார்த்தியா? நான் பார்த்தேன், பக்கத்துலதான் நின்னேன். உன்னை இடுப்புல சுமந்து வளர்த்தவளுக்கு மண்ணு போடக்கூட நேரம் சொல்லல நீ. அம்மாவுக்கு ஒரே புள்ள நீ மட்டும்தானா? அடக்கம் பண்ணிட்டுக் காலையில எழுந்து காப்பி குடிச்சிட்டு இவளைக் குத்தறதுக்குன்னே போன் பண்றியே, அந்த அம்மா வளர்த்த வளர்ப்பா இது?"

"நீங்க யாருங்க எங்க குடும்பத்துல பேச?"

"யாரும் இல்லன்னு நீதானே சொன்னே. இருக்காங்கன்னு சொல்றதுக்குத்தான் பேசறேன். இப்ப வை."

அவன் வைப்பதற்குள் டீச்சரே அணைத்துவிட்டாள்.

நர்ஸ் எழுந்து நின்றாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யாரைக் கேட்டு என் தம்பியைத் திட்டினீங்க?"

"யாரையும் கேக்கல."

"அவன் என் தம்பி. திட்டறதுன்னா நான் திட்டுவேன். நீங்க யாரு நடுவுல?" என்று சொல்லிக்கொண்டே கட்டுத்துணித் தட்டைத் தூக்கி எறிந்தாள். காலையெல்லாம் மடித்த துணி தரையெங்கும் பறந்து விழுந்தது.

"நீ எங்க திட்டினே? வாயடைச்சுப்போய் உக்காந்திருந்தே" என்றாள் டீச்சர். இத்தனை நாள் 'நீங்க' என்று தள்ளி வைத்திருந்தவள் 'நீ' என்றதை இருவருமே அப்போது கவனிக்கவில்லை. "உனக்காக யாராவது ஒருத்தர் திட்டணுமா இல்லியா?"

நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் பெருங்குரலாக வெடித்தது. டீச்சர் கட்டிப்பிடித்துத் தேற்றுகிற ஆள் இல்லை. தள்ளி உட்கார்ந்து, சிதறிய துணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடித்தாள். "இதெல்லாம் மறுபடி நீராவியில வைக்கணும்" என்றாள். அவள் கன்னமும் நனைந்துதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள் வீட்டுக்காரம்மா. "தெருவுக்கே கேக்குது. அழறதா இருந்தா உங்க ஊர்ல போய் அழுங்க."

"அவளுக்கு அம்மா செத்துட்டாங்க. ஊருக்குப் போக விடாதது உங்க ஆபீஸ்காரன்தான்" என்றாள் டீச்சர். "இன்னைக்கும் அழுவா, நாளைக்கும் அழுவா. காதை மூடிக்குங்க."

வீட்டுக்காரம்மா ஒன்றும் இளகிவிடவில்லை. போனவள் நேராகத் தன் மொட்டைமாடிக்கு ஏறி, இவர்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயை மூடினாள். பெண்கள் இருவரும் வாளியோடு தெருமுனைக் குழாய்க்குப் போகவேண்டியதாயிற்று. வரிசையில் நின்றவர்கள் இவர்கள் வாளியைக் காலால் நகர்த்தி நகர்த்திக் கடைசிக்குத் தள்ளினார்கள். அழுது வீங்கிய முகத்தோடு நின்ற நர்ஸைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். டீச்சர் வாளியை எடுத்து முன்னால் வைத்தாள். மறுபடி தள்ளினார்கள். மறுபடி வைத்தாள். கடைசியில் இரண்டு வாளித் தண்ணீரோடுதான் திரும்பினார்கள்.

ரோடு சரியாகி ஆண்கள் வந்து சேர்ந்தபோது, வழியிலேயே போனில் செய்தி கேட்டிருந்த பாஸ்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடியேறினார். மனைவி கதறிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தவருக்குச் சமையலறையிலிருந்து வேறு சத்தம் கேட்டது.

"என்னைவிட ரெண்டு வயசு சின்னவ நீ. எப்படி நீ எனக்கு அக்காவாவே?"

"போன்ல சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்."

"அப்ப நான் உன்னை அக்கான்னு கூப்பிடணுமா?"

"கூப்பிட்டுத் தொலைக்காத. வயசான மாதிரி இருக்கும்."

மெக்கானிக் பழக்கதோஷத்தில் ஜீப்பைப் பார்க்கத் திரும்பினார். பாஸ்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். நால்வரும் அன்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அவர்களில் இருவர் பார்த்தேயிராத அந்த அம்மாவை நினைத்து ஜெபம் செய்தார்கள். ஜெபத்தை நடத்தியவர் பாஸ்டர். பாட்டை எடுத்தவர் மெக்கானிக், சுதி எங்கோ போனது. கல்லறைக்குப் போகாத குறை நர்ஸுக்குத் தீரவில்லை. ஆனால் துக்கத்துக்கு ஆள் வந்திருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் மிஷன் செயலாளர் நேரில் வந்தார். முகமெல்லாம் பல். உட்கார்ந்ததும் சொன்னார்: "உங்க ரெண்டு பேர் தொல்லையும் தாங்கல. கடற்கரைப் பக்கம் வீடு பார்த்தாச்சு. நர்ஸ் குடும்பம் அங்க போகட்டும். ரெண்டு பேருக்கும் நிம்மதி."

"ரெண்டு பேர் தொல்லையா?" நர்ஸ் டீச்சரைப் பார்த்தாள். "நீயும் போன் பண்ணினியா?"

"நீ பண்ணலையா?"

"நான் உன்னால பண்ணினேன்."

"நானும் உன்னாலதான் பண்ணினேன்."

செயலாளர் கைகளை விரித்தார். "இதுக்குத்தான் சொல்றேன். பிரிஞ்சுருங்க."

"முடியாதுங்க" என்றாள் நர்ஸ்.

"ஏன்?"

"இவ என் தங்கச்சி."

"அக்கா" என்று திருத்தினாள் டீச்சர்.

செயலாளர் கோபத்தில் எழுந்துவிட்டார். மிஷன் என்ன விளையாட்டா, அந்தக் கடற்கரை வீட்டுக்காரரிடம் நாக்கு வழிக்கவா நான் பேசி முடித்தேன், பெண்கள் சண்டைக்காக நான் எத்தனை முறை மேலிடத்தில் தலைகுனிந்தேன் தெரியுமா என்று ஆடித் தீர்த்தார். பாஸ்டரும் மெக்கானிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றார்கள். கடைசியில், "இனிமே வீடு மாத்திக் குடுங்கன்னு யாராவது போன் பண்ணினா எடுக்க மாட்டேன். ஊழியம் முடியற வரைக்கும் இதே வீடு, இதே அடுப்பு. அனுபவிங்க" என்று சாபம் போல் சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் இறங்கிப் போனார்.

தம்பி அப்புறம் பேசவே இல்லை. நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. அந்தப் புண் அப்படியே இருந்தது. தண்ணீர்க் குழாயை வீட்டுக்காரம்மா ஒருவழியாகத் திறந்துவிட்டாள், முறைப்பதை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரின் அம்மா ஊரிலிருந்து பேசுவார். அந்த நேரம் நர்ஸ் வழக்கமாகச் சமையலறையை விட்டு வெளியே போய்விடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் எழுந்தவளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள் டீச்சர். "பேசு. உன்னைத்தான் கேக்கறாங்க."

நர்ஸ் ஜன்னல் பக்கம் குனிந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "நல்லாருக்கீங்களாம்மா?" என்றாள்.

"நான் நல்லாருக்கறது இருக்கட்டும்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். மகளின் குரலேதான், இன்னும் கொஞ்சம் கரகரப்பு. "நீதான் அந்த நர்ஸா? என் பொண்ணோட எப்பப் பார்த்தாலும் சண்டையாமே? ஒரு நாளாவது இந்தப் பக்கம் வந்து ஒரு வார்த்தை பேசினியா? அவ சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியணுமா? ஒழுங்கா சாப்பிடறதில்லையாமே நீ. அப்படி என்ன வேலை உனக்கு? வாரா வாரம் நான் போன் பண்ணும்போது ரெண்டு பேரும் நிக்கணும், தெரிஞ்சுதா?"

நர்ஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர் ஜன்னலிலிருந்து வீட்டுக்காரம்மா அவளையே முறைத்துக்கொண்டிருந்தாள். திட்டு முடிகிற மாதிரித் தெரியவில்லை. நர்ஸ் குறுக்கே பேசாமல், ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே கேட்டாள்.