உப்பு பார்க்காத குழம்பு

உப்பு ஜாடியின் மூடி திறந்து கிடந்தது. கையில் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள் ஞானசௌந்தரி. குழம்பில் உப்பைப் போட்டுவிட்டுத்தான் வெளியே போனாளா, இல்லை போடப் போகிற நேரத்தில் கூப்பிட்டார்கள் என்று அப்படியே போய்விட்டாளா? சுத்தமாக நினைவில்லை. அடுப்பில் மொச்சைக் குழம்பு தளதளவென்று கொதித்தது. வேறு நாளாயிருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமா? உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தால் தீர்ந்தது. இன்றைக்கு அதுதான் கூடாது. பூவாடைக்காரிக்குப் படைக்கிற சோற்றை அவள் சாப்பிடுவதற்கு முன்னால் மனுஷ நாக்கு தொடக்கூடாது. வாசனை பிடித்தாலும் தப்பு என்று மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத் துண்டால் கட்டியிருந்தாள். அந்தத் துண்டுக்குள் அவள் மூச்சு அவளுக்கே சூடாக இருந்தது.

பூவாடைக்காரி என்றால் வேறு யாருமில்லை, ஜெயவேலுவின் மூத்த தாரம் அஞ்சம்மாள்தான். பூவும் பொட்டுமாகச் செத்துப்போனவள், அதனால் வீட்டுக்குத் தெய்வம். வருஷா வருஷம் போகியன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளுக்குப் புதுப் புடவை வைத்து, பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் பரப்பி, வீட்டுக்குள் கூப்பிடுவார்கள். ஜெயவேலுவுக்கு வாழ்க்கைப்பட்டு ஞானசௌந்தரி இந்தப் பொழிச்சலூர் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த ஒரு நாள் மட்டும் அவளை அடுப்படிப் பக்கம் விட்டதில்லை. அனகாபுத்தூரிலிருந்து நாத்தனார் செல்லியம்மாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் தானே செய்துவிட்டுப் போவாள். செத்தவளுக்கும் இருக்கிறவளுக்கும் நடுவில் தான் ஒருத்திதான் பாலம் என்பது செல்லியம்மாளின் அபிப்பிராயம். இந்த வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது கையில் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட உடம்போடு படையல் அடுப்பில் நிற்கக்கூடாதாம். எனவே நிற்கவில்லை; அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மே, போளி தீயுது பாரு. மூக்கத்தான் கட்டிகினே, கண்ணையும் கட்டிகினியா?"

காலையிலிருந்து இப்படித்தான். வடைக்கு மாவு தண்ணியாகக் கீது, முருங்கைக்கீரையில் காம்பு கீது, தேங்காயை ஏன் இவ்வளவு நைசாக அரைத்தாய் என்று ஒரு நிமிஷம் விடாமல் ஓதிக்கொண்டிருந்தாள். அதையாவது இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடலாம். வந்து இறங்கியதும் தம்பியிடம் அவள் சொன்ன வார்த்தையைத்தான் விட முடியவில்லை. "இந்த தபா இவ கையால ஆக்கறா. அஞ்சம்மா ஏத்துக்கினா சரி. ஏத்துக்கல, கோமளாவ நான் என் வூட்டுக்கு இட்டுகினு பூடுவேன். பொட்டப் புள்ள, பெத்தவ மனசு நோவற எடத்துல வளரக்கூடாது." ஜெயவேலு வழக்கம்போலத் தலையைச் சொறிந்தான். செங்கல், ஜல்லி வியாபாரத்தில் லாரிக்காரர்களை நாலு வார்த்தை கேட்டு விரட்டுகிறவன், அக்காவுக்கு முன்னால் மட்டும் வாயைத் திறக்கமாட்டான்.

கோமளா அப்போதிருந்தே வாசலில் பெரிய கோலமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சம்மாள் பெற்ற மகள், ஒன்பதாவது படிக்கிற பெண். அவளுக்கும் ஞானசௌந்தரிக்கும் சண்டை கிடையாது, பேச்சும் அவ்வளவு கிடையாது. அம்மா என்றோ சித்தி என்றோ இதுவரை ஒரு தடவை கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று, இவள் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்புக்கு ஞானசௌந்தரி பழகிப்போயிருந்தாள். முதுகுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் நின்றால் திரும்புவாள். ஜடை பின்னிவிடுவதும் டிபன் பாக்ஸ் கட்டுவதும் இப்படிப் பேச்சில்லாமலே நடந்துவந்தன. அதைப் பெரிதாக நினைத்ததுகூட இல்லை. போய்விடுவாள் என்று ஒருத்தி சொன்ன பிறகுதான் நினைக்க ஆரம்பித்தாள்.

சற்று முன்னால் அந்தப் பாழாய்ப்போன புடவையைக் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டதும் செல்லியம்மாள்தான். "என் தம்பி இன்னா பார்டர் எட்த்துகினு வந்துகீறான்னு பாக்கணும், கொண்டாம்மே" என்றாள். ஞானசௌந்தரி கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள், பீரோவைத் திறந்தாள், மஞ்சள் புடவையைக் கொண்டுவந்து காட்டினாள், அரக்கு பார்டர் அஞ்சம்மாளுக்குப் பிடிக்காது என்று ஒரு பாட்டு வாங்கிக்கொண்டாள், திரும்பி வந்தாள். மூடி திறந்திருந்தது.

திறந்தது தான்தான், அதில் சந்தேகமில்லை. போட்டுவிட்டு மூட மறந்ததா, போடுவதற்காகத் திறந்ததா? விரல்களை உற்றுப் பார்த்தாள்; கழுவிய கை, ஒன்றும் சொல்லவில்லை. உப்பில்லாத குழம்பை வைத்தால் அது ஒரேயடியாக அவமானம். கூடிப்போனாலாவது கைத்தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். தலைக்கு மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் ஒன்று அலமாரிப் பாத்திரங்களையெல்லாம் அதிரவைத்துக்கொண்டு போயிற்று. அந்த இரைச்சல் அடங்குவதற்குள், நாற்காலியிலிருக்கும் அந்தத் தலை இந்தப் பக்கம் திரும்புவதற்குள், கல்லுப்பை ஒரு கை அள்ளிக் குழம்பில் போட்டாள். போட்ட கணத்திலேயே, முன்னாலும் போட்டிருந்தோம் என்று நிச்சயமாகத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, போடவில்லை என்று அதே நிச்சயத்தோடு தோன்றியது.

பொழுது சாய்ந்ததும் கூடத்தில் படையல் போட்டார்கள். அஞ்சம்மாள் படத்துக்குக் கதம்ப மாலை, பக்கத்தில் மஞ்சள் பூசிய செம்பு, அதன் கழுத்தில் புதுப் புடவை. தலைவாழை இலையில் சோறு, மொச்சைக் குழம்பு, கீரை, வடை, போளி, பாயசம். குழம்பை ஊற்றும்போது ஞானசௌந்தரி கண்ணை மூடிக்கொண்டதைச் செல்லியம்மாள் பார்த்தாள், நல்லவேளையாகப் பக்தி என்று எடுத்துக்கொண்டாள். கற்பூரம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டு, ஓசைப்படாமல் வெளியே வந்தார்கள். ஜெயவேலு கதவைச் சாத்தினான். வந்தவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வீட்டுக்காரர்கள் தெருவில்தான் நிற்கவேண்டும்.

காலையில் கொளுத்திய பழம்பாய்களின் புகை இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. எங்கேயோ பிள்ளைகள் போகி மேளம் தட்டினார்கள். ஞானசௌந்தரிக்கு ஒரு இடத்தில் நிற்கமுடியவில்லை. கோலத்தின் ஓரத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள், கேட்டைப் பிடித்தாள், விட்டாள். தன் வீட்டுக் கதவுக்கு வெளியே தான் நிற்கிறோம், உள்ளே ஒருத்தி தன் கைச் சமையலை ருசி பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேடிக்கையாகத்தான் இருந்தது, சிரிப்புத்தான் வரவில்லை. அவளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் மனசுக்குள் அவளிடமே பேசினாள். தாயே, உப்பு கூடியிருந்தா என்னைப் பேசு. புள்ளைய மட்டும் அனுப்பிடாதே. நான் பெத்ததில்ல, ஒத்துக்கறேன். காலைல தலை வாரிவுட அந்த முதுகு இல்லேன்னா எனக்கு இந்த வீட்ல வேற இன்னா கீது? கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கேட் ஓரத்திலிருந்து கோமளா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயவேலு கனைத்து, கதவை மூன்று தட்டு தட்டித் திறந்தான். இலையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். படைத்த சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்து எல்லார் இலையிலும் ஒரு பிடி வைப்பது வழக்கம், அதை வைத்தவளும் ஞானசௌந்தரிதான். ஜெயவேலு வாயில் போட்டான். மெல்லுவதை நிறுத்தினான். பிறகு பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

செல்லியம்மாள் அப்படியெல்லாம் மறைக்கிற ஆளில்லை. "தூ" என்று இலை ஓரத்தில் துப்பினாள். "கடல் தண்ணிகூட இப்டி கரிக்காது! எத்தினி வருசம் நான் ஆக்கிப் போட்டேன், ஒரு தபா இப்டி ஆச்சா? பாத்துக்கடா. அவளுக்குப் புடிக்கல, வாயத் தொறந்து சொல்லிட்டா. கோமளா, துணிமணிய எடுத்து வை."

ஜெயவேலு இலையைப் பார்த்தான்.

"உப்பு நான் போட்டேன், அத்தே."

கோமளாவின் குரல். சத்தமே இல்லாமல் சாப்பிடுகிற பெண், தலையைத் தூக்காமலே சொன்னாள். "அவங்க போட்டாங்களோ இல்லியோன்னு நானும் போட்டுட்டேன். ரெண்டு தபா ஆயிடுச்சி."

"உன்ன யாருடி படையல் அடுப்பாண்ட வுட்டது?"

"எங்கம்மாவுக்குத்தானே சோறு. நான் உப்பு போடக்கூடாதா?"

பெற்ற தாய்க்கு மகள் போட்ட உப்பைத் தெய்வக்குற்றம் என்று சொல்லச் செல்லியம்மாளாலும் முடியவில்லை. மாவுக்கட்டை மடியில் சரிசெய்துகொண்டாள். "போடலாந்தான்..." என்று இழுத்தாள். ஜெயவேலு, எதற்கோ சம்பந்தமில்லாமல், மோர் இருக்கிறதா என்று கேட்டான். கோமளா மிச்சப் பிடியையும் வாயில் போட்டு விழுங்கினாள். அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டதை ஞானசௌந்தரி பார்த்தாள்.

மோர் எடுக்கப் போகிற சாக்கில் அடுப்படிக்கு வந்த ஞானசௌந்தரி உப்பு ஜாடியைப் பார்த்தாள். இந்தப் பெண் எப்போது உள்ளே வந்தாள்? கோலமாவு டப்பா இங்கே மேல் அலமாரியில்தான் இருக்கும். தீர்ந்துபோனால் பின்கட்டு வழியாக வந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். தான் பீரோவைத் திறந்துகொண்டிருந்த நேரம் அதற்குப் போதும். ஆனால் அவள் வந்ததை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. வராமலும் இருந்திருக்கலாம்.

முதுகுக்குப் பின்னால் கொலுசு நின்றது. திரும்பினாள்.

"நெஜமாவா போட்ட?" என்றாள், கூடத்துக்குக் கேட்காத குரலில்.

கோமளா குழம்புச் சட்டியைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தாள். இரண்டு டம்ளர் தண்ணீரை விட்டாள். கூடையில் துழாவி ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தோலோடு நறுக்கிப் போட்டாள். ஸ்டவ்வை ஏற்றிவிட்டு, இருவரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூடத்தில் செல்லியம்மாள், வடை மட்டும் பரவாயில்லை என்று தம்பியிடம் ஒத்துக்கொண்டிருந்தாள்.

குழம்பு கொதி வந்தது. கோமளா கரண்டியில் கொஞ்சம் மொண்டு, தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். முகம் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிளறினாள். பிறகு கரண்டியை இந்தப் பக்கம் நீட்டி, "கைய காட்டுங்க" என்றாள்.

ஞானசௌந்தரி கையை நீட்டினாள். கொதிக்கிற குழம்பு உள்ளங்கையில் விழுந்து சுட்டது. அவள் கையை உதறவில்லை.