ரங்கூனில் கூப்பிட்ட பெயர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்காக என் கையில் இருந்த சரக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். கும்மிடிப்பூண்டிப் பேருந்தில் ஒரு பெண் தன் கணவனிடம், "தல இடிக்கும், குனிஞ்சிக்கோ" என்றாள். அவர் குனிந்தார். குனிந்தும் இடித்தது. இருவரும் சிரித்தார்கள். அந்த உயரத்தைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று யோசித்தபோது கூடைப்பந்து தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்: 'ஐம்பதுகளில் ஆசியக் கண்டத்து நாடுகளின் ஆடவர் அணிகள் மோதிய அந்தப் போட்டியானது...' இது செய்தித்தாள். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: 'வரதன் பிறக்கும்போதே உயரமாக...' யார்தான் அப்படிப் பிறக்கிறார்கள்?

மூன்றாவது: கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதை கேங்மேனாக இருந்த வரதனுக்கு வளையம் எட்டிவிடும். பந்துதான் எட்டாது. அதை அவன் கைக்குக் கொண்டுவந்து சேர்க்க ஹனீப் வேண்டும்.

இதை வைத்துக்கொள்வோம்.

2

ஹனீப், பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். கும்மிடிப்பூண்டி பஜாரில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தான். வரதனின் தோளுக்குக் கீழே நிற்பான். மிஷன் பள்ளிக்கூடத்து மண் தரையில் இருவரும் ஆடப் பழகினார்கள். பள்ளியை விட்ட பிறகும் தரையை விடவில்லை. பனந்தூணில் அறைந்த பலகை, பலகையில் பீப்பாய் வளையம், அவ்வளவுதான் வசதி.

அவர்கள் ஆட்டமும் எளிமையானது. வரதன் வளையத்தடிக்கு ஓடிப்போய், திரும்பிப் பார்க்காமலே, "ஹனீபு!" என்று ஒரு சத்தம் போடுவான். எதிரணிக் கால்களுக்கு நடுவிலிருந்தோ தலைகளுக்கு மேலிருந்தோ பந்து வந்து கையில் விழும். போட்டுவிடுவான்.

(இந்த இடத்தில் ஹனீபைப் பொறாமைக்காரனாகக் காட்டினால் கதை சூடு பிடிக்கும் என்று நினைத்து ஒரு பக்கம் எழுதினேன். பொய்யாக இருந்தது. அப்படிப் பந்து கொடுக்கிறவனுக்குப் பொறாமை எங்கிருந்து வரும்? கிழித்துப் போட்டேன். ஆனால் வலி என்பது வேறு. அது வரும்.)

3

கண்டத்துப் போட்டிக்கு* இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கச் சென்னையில் ஆட்டம் வைத்தார்கள். இருவரும் போனார்கள். இருவரும் சேர்ந்து ஆடியதைப் பார்த்துத் தேர்வுக்காரர்கள் கைதட்டினார்கள். வரதனை எடுத்துக்கொண்டார்கள். ஹனீபிடம், "நல்லா ஆடறே தம்பி, உயரம்தான் போதல" என்றார்கள்.

(* வருடத்தையும் கோப்பையையும் பழைய பத்திரிகைகளில் தேட வேண்டாம். இந்தப் போட்டி நான் நடத்தியது. ரங்கூனில் வைத்ததற்கும் காரணம் உண்டு. அங்கே தமிழர்கள் நிறைய. வரதன் தனியாக இருப்பானே என்று எனக்கே கவலை.)

திரும்பி வந்த ரயிலில் பொன்னேரி தாண்டியதும் வரதன் சொன்னான்:

"நான் போவல."

"இன்னாத்துக்கு?"

"நீ பந்து குடுக்கலன்னா நான் வெறும் தந்திக்கம்பம்டா. அங்க போயி நின்னுகினு இருக்கவா?"

ஹனீபுக்கு ஆத்திரம் வந்தது. "எனுக்கோசரம் நீ நின்னுட்டன்னா, பஜார்ல எல்லாரும் என்னப் பாத்து இன்னா பேசுவான்? இவனாலதான் அவன் போவலன்னுவான். அந்தப் பேஜாரு வேற எனுக்கு வேணுமா? போயிட்டு வா. ஆனா வந்து என்கிட்ட கதை சொல்லாத."

வரதன் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு ஹனீப் வரவில்லை. அவன் மனைவி ஜாஹிதா வந்தாள், கையில் நாஷ்டா பொட்டலத்தோடு.

"கடையில கூட்டமா தங்கச்சி?" என்று வரதன் கேட்டான்.

"கூட்டம்னு சொல்லச் சொன்னாரு. கடையில ஒரு ஈ, காக்கா இல்லண்ணே. தனியா குந்திக்கினு மடிச்ச துணியவே திருப்பித் திருப்பி மடிச்சிக்கினு இருக்காரு."

4

ரங்கூன் ஆட்டங்களை விரிவாக எழுத ஆசைதான். கூடைப்பந்து விதிகள் எனக்குப் பாதிதான் தெரியும். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஆட்டத்தில் வரதன் வளையத்தடிக்கு ஓடினான், பழக்கத்தில் "ஹனீபு!" என்று கத்தினான், கை நீட்டினான். பந்து வரவில்லை. பந்து வைத்திருந்தவன் பஞ்சாபிலிருந்து வந்த குர்தியால். அவன் விழித்தான். இரண்டாவது ஆட்டத்திலும் இதே கதைதான். இரண்டிலும் தோற்றார்கள். வரதனை வெளியே உட்கார வைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது.

தங்கியிருந்த இடத்தில் குர்தியால் அவனைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு இந்தி தெரியாது. "ஹனீபு, ஹனீபு" என்று சொல்லிக் காட்டி, என்ன அது என்று கையை விரித்தான். வரதன் என்ன செய்வான்? எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான், குள்ளமாக இருப்பான், என்னோடு கோபமாக இருக்கிறான் என்பதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது? பந்தை எடுத்து எறிவதுபோலவும் பிடிப்பதுபோலவும் நடித்தான். குர்தியாலின் முகம் மலர்ந்தது. மதராஸ் பாஷையில் 'பந்தைக் கொடு' என்பதற்கு 'ஹனீபு' என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

மூன்றாவது ஆட்டம் பர்மாவோடு. உள்ளூர் அணி, கொட்டகை நிறைய ஜனம். வரதன் ஓடினான், கத்தினான். இந்த முறை குர்தியால் பார்க்கக்கூட இல்லை, சத்தம் வந்த பக்கம் எறிந்தான். பந்து கையில் விழுந்தது. ஒரு கணம் வரதனுக்கு எந்த ஊரில் நிற்கிறோம் என்றே தெரியவில்லை. பிறகு போட்டான்.

பிற்பாதியில் குர்தியாலே அப்படிக் கத்த ஆரம்பித்தான். பிறகு வங்காளத்துக்காரன், பிறகு மைசூர்க்காரன். ஆட்டம் முடியும்போது இந்திய அணி முழுக்க "ஹனீபு! ஹனீபு!" என்று கத்திக்கொண்டு ஓடியது. ஜெயித்தது.

கூட்டத்தில் இருந்த தமிழர் ஒருவர் ஓடிவந்து வரதனைக் கேட்டார்: "யாருப்பா அந்த ஹனீபு? ஆளாளுக்குக் கூப்பிடறீங்க, அப்படி யாரும் எறங்குன மாதிரி தெரியலியே?"

வரதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஊர்ல கீறான்."

(கோப்பையைக் கொடுத்துவிடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். மனம் வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் தோற்று, கப்பலேறினார்கள்.)

5

வரதன் இறங்கியதும் நேராகக் கடைக்குப் போனான். எல்லாவற்றையும் சொன்னான். ஹனீப் துணியிலிருந்து தலை தூக்காமல் கேட்டான்.

"கப்பல்ல குந்திக்கினு எனுக்கு ஆறுதல் சொல்றதுக்கு இத ஜோடிச்சியா?"

"சத்தியமாடா."

"வாணாம்டா. எரக்கப்பட்டு எனுக்கு எதுவும் குடுக்காத."

அதன்பின் பல மாதங்கள் மண் தரை சும்மா கிடந்தது.

இங்கே ஒரு முடிவு எழுதினேன்: ஹனீப் மனம் மாறி... எதனால் மாறினான்? தெரியவில்லை. இன்னொன்று: வரதன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறான், இருவரும் சந்திக்கவே... இல்லை, அந்த அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை.

நடந்தது இதுதான். பஞ்சாப் அணி சென்னைக்கு ஆட வந்தது. மதராஸ் அணியில் வரதன் ஆடினான். ஹனீப் வரமாட்டேன் என்றான்.

"அப்ப நான் போறேன்" என்றாள் ஜாஹிதா. "உங்க பேரு அங்க கேக்குதா இல்லியான்னு நான் பாத்துட்டு வரேன்."

தனியாக விட முடியுமா? வந்தான். படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்தான், அரைமனதோடு.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் குர்தியால் தன் பஞ்சாப்காரர்களைப் பார்த்து, நெஞ்சு கிழிய ஒரு சத்தம் போட்டான்:

"ஹனீபு!"

"இன்னா?" என்று ஹனீப் எழுந்து நின்றுவிட்டான்.

பந்து குர்தியாலின் கைக்குப் போனது. ஹனீப் நின்றுகொண்டே இருந்தான். இன்னொரு பஞ்சாப்காரன் "ஹனீபு!" என்றான். வளையத்தடியில் வரதனும் அதையே கத்திக்கொண்டிருந்தான். எந்த அணி எந்த அணியிடம் பந்து கேட்கிறது என்றே புரியாமல் நடுவர் திண்டாடினார்.

"உக்காருய்யா, மறைக்குது!" என்று பின்னால் இருந்தவர் அதட்டினார்.

வாழ்க்கையில் முதன்முறையாக ஹனீப் இன்னொருவருக்கு மறைத்தான். அவன் உட்காரவில்லை. ஜாஹிதா அவன் சட்டையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், சிரிப்பா என்று தெரியவில்லை.

6

ஆட்டம் முடிந்து ஹனீப் படியிறங்கி வந்தான். வரதன் அவனைக் காட்டி, குர்தியாலிடம் "ஹனீபு" என்றான். குர்தியால் சட்டென்று பந்தை வரதனிடம் எறிந்தான். வரதன் தலையாட்டி, பந்தைத் திருப்பிக் கொடுத்து, ஹனீபின் தோளில் கை வைத்து மறுபடி "ஹனீபு" என்றான். குர்தியால் மறுபடி எறிந்தான். மூன்றாவது தடவைதான் அவனுக்கு விளங்கியது. ஒரு உறுமல் உறுமி, ஹனீபை இடுப்பில் பிடித்து அப்படியே மேலே தூக்கிவிட்டான்.

"யோவ், இறக்குய்யா, கடைக்காரரு அவரு!" என்று ஜாஹிதா பதறினாள்.

ஹனீபின் கண்ணும் வரதனின் கண்ணும் இப்போது ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஹனீப் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான்.

இந்த இடத்துக்கு மூன்று வசனங்கள் எழுதினேன். ஒன்று மன்னிப்பு. அவன் கேட்க மாட்டான். ஒன்று கிண்டல், அது வரதனுக்குப் போதாது. மூன்றாவது நன்றாகவே இருந்தது, ஆனால் அதை ஹனீப் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். அவனை இந்நேரம் என்னளவு உங்களுக்கும் தெரியும். கொஞ்சம் சீக்கிரம் பேச வையுங்கள். குர்தியாலுக்குக் கை வலிக்கும்.