காலில் கட்டுப்போட்ட பூனை

பிரிட்ஜ் மெக்கானிக் வீட்டில் பூனை கிடையாது. வளர்க்க வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு வந்ததில்லை. பூனை மயிர் ஒன்று பறந்து வந்தாலே வரிசையாகத் தும்மித் தீர்க்கிற மூக்கு அது. அப்பேர்ப்பட்ட மனிதர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, "எங்க கருப்புப் பூனைக்குக் கால்ல அடிபட்டுடுச்சு, கட்டுப் போட்டிருக்கோம்" என்று ஒற்றை விரலால் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தார் என்றால், நம்ப முடிகிறதா? அவருக்கே நம்ப முடியவில்லை. ஆனால் தட்டினார்.

எல்லாம் மகளால் வந்தது. வீட்டில் அவளை எலிக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்தே கரகரத்த குரல். டாக்டர்கள் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, அவள் குரலே அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அந்தக் குரல் ஓயாது. ஆனால் ஊர் மாறி வந்து புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், அவள் வாயைத் திறந்த முதல் நாளே பிள்ளைகள் அவளுக்குத் தாத்தா என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் எழுந்தால் இருமிக் காட்டுவார்களாம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வாசல்படி தாண்டினால் வாயே திறப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். கடைக்காரர் கேட்டாலும் பதில் இல்லை, பக்கத்து வீட்டு அத்தை கொஞ்சினாலும் பதில் இல்லை. வேறு வழி தெரியாமல்தான் ஆன்லைன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

அம்மா ஆஸ்பத்திரி லேபில் வேலை, விடிந்ததும் கிளம்பிவிடுவாள். முன்னறைதான் மெக்கானிக்கின் பட்டறை. பின்பக்கம் கழற்றிய பிரிட்ஜுகள், சுருட்டி வைத்த செம்புக் குழாய்கள், மூலையில் ஆளுயர அட்டைப் பெட்டி ஒன்று. சமையலறை மேஜையில் வகுப்பு நடக்கும், இடைவேளை விட்டதும் எலிக்குட்டி ஓடிப்போய் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து படம் வரைவாள்.

அந்த இடைவேளையில்தான் சிக்கலே. பிள்ளைகள் மட்டும் எழுதிப் பேசிக்கொள்ள பள்ளிக்கூடம் ஓர் அரட்டை அறை வைத்திருந்தது. அங்கே சொந்தப் பெயர் கூடாது, செல்லப் பெயர்தான். பெரியவர்கள் உள்ளே வரக் கூடாது. "தினம் ஒரு வரியாவது எழுதணும் சார்," என்று வகுப்பு மிஸ் சொல்லிவிட்டார். "மத்த பிள்ளைங்களோட கலந்துக்கவே மாட்டேன்னா, ஆன்லைன் இவளுக்குச் சரிப்படாதுன்னு பழைய ஸ்கூலுக்கே அனுப்பிடுவாங்க."

பழைய ஸ்கூல் என்றால் தாத்தா. அந்தப் பேச்சை எடுத்தாலே குழந்தையின் முகம் வெளிறிவிடும்.

பெற்றோர் குரூப்பில் கேட்டுப் பார்த்தார். "என் பொண்ணு வெளியில பேச மாட்டேங்கறா. வேற யார் வீட்டிலயாவது இப்படி இருக்கா?" பதிலுக்கு இரண்டு கும்பிடும் ஒரு ரோஜாப்பூ காலை வணக்கமும் வந்தன. அதற்கடியில் ஒருவர், நாளைக்குக் கணக்கா அறிவியலா என்று கேட்டிருந்தார். மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அங்கே அவர் எதையும் கேட்கவில்லை.

முதல் நாள் இடைவேளையில் எலிக்குட்டி திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "நீ போய் விளையாடு, அப்பா பார்த்துக்கறேன்," என்று அனுப்பிவிட்டு, என்ன எழுதுவது என்று தலையைச் சொறிந்தார். கடைசியில், "எங்க வீட்டுல ஒரு பூனை இருக்கு" என்று தட்டினார். எங்கிருந்து வந்து தொலைத்ததோ அந்தப் பூனை!

மற்ற பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை. நத்தை என்ற பெயரில் ஒரு பிள்ளை மட்டும் கேட்டது: "என்ன கலரு?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மறுநாள் பூனை பால் குடித்ததா என்று நத்தை கேட்டது. அதற்கடுத்த நாள் எங்கே தூங்கும் என்று கேட்டது. ஒரு வரி என்று ஆரம்பித்தது இடைவேளை முழுக்க நீண்டது. மணி நெருங்கினால் மெக்கானிக்குக்குக் கை ஓடாது. வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போதே, "இதோ வந்துட்டேன் அண்ணே," என்று கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடுவார்.

நத்தை சில நாள் சோர்ந்துபோய் எழுதும். "இன்னைக்கும் ஒண்ணும் ஏறல. நான் செய்யறது சரியா தப்பான்னே தெரியல." பாவம், வகுத்தல் கணக்கு படுத்துகிறது போல என்று நினைத்துக்கொள்வார். "எனக்கும் அப்படித்தான் இருக்கு. நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்று எழுதுவார். "நீ சொன்னா தெம்பா இருக்கு," என்று வரும். அதைப் படித்தால் அவருக்கும் தெம்பாக இருக்கும். ஒரு சின்னப் பிள்ளை சொல்லித் தனக்கு எதற்குத் தெம்பு வருகிறது என்று அவர் யோசித்துப் பார்த்ததுண்டு. ஒன்றும் விளங்கவில்லை.

மனைவிக்கு விடுமுறை வந்த ஒரு நாள் அகப்பட்டுக்கொண்டார். தோளுக்குப் பின்னால் வந்து நின்று அவள் படித்தாள்.

"ஏங்க, யாரு இது?"

"நத்தை. நம்ம எலிக்குட்டியோட ஃப்ரெண்டு."

"எலிக்குட்டி பெட்டிக்குள்ள உட்கார்ந்து படம் வரையறா. அப்ப இங்க எழுதற எலிக்குட்டி யாரு?"

மெக்கானிக் லேப்டாப்பைப் பாதி மூடினார்.

"நாப்பது வயசு ஆம்பளை சின்னப் பொண்ணு மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைகிட்ட தினம் பேசிட்டிருக்கீங்க. அந்தப் பிள்ளையோட அம்மா பார்த்தா என்ன நினைப்பாங்க? போலீசுக்குல்ல போவாங்க!"

சத்தியமாக இந்தக் கோணத்தில் அவர் நினைத்ததே இல்லை. மகளுக்காகத்தானே எழுதினோம் என்று சொல்ல வாயெடுத்தார். அப்படியானால் மகளுக்கே ஏன் இது தெரியாது என்று உள்ளே ஒன்று கேட்டது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அறிவிப்பு: ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குடும்பங்களும் பூங்காவில் சந்திக்கலாம். நத்தை உடனே எழுதியது. "நீ வருவேல்ல? எனக்கு வேற யாரும் இல்ல."

"போங்க," என்றாள் மனைவி. "அந்தப் பிள்ளையைப் பெத்தவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. அப்படியே மிஸ்கிட்டயும்."

"சொன்னா இவளைப் பழைய ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களேம்மா."

அவள் அட்டைப் பெட்டிப் பக்கம் திரும்பினாள். பெட்டிக்குள்ளிருந்து எலிக்குட்டி கரகரவென்று பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு டியூட்டி. மெக்கானிக் மகளை அழைத்துக்கொண்டு போனார். பூங்கா வாசலில் மிஸ் நின்று, ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் அரட்டை அறைப் பெயரை எழுதி ஒட்டினார். எலிக்குட்டி வாயை இறுக மூடிக்கொண்டு அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் ஒவ்வொரு சட்டையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

ஊஞ்சல் பக்கம் நத்தை நின்றது. ஒரு பையன்! நிற்கிறான் என்றுகூடச் சொல்ல முடியாது, ஊஞ்சல் கம்பியில் ஏறுகிறான், இறங்குகிறான், மறுபடி ஏறுகிறான். கூட இருந்த அம்மா எலிக்குட்டியின் சட்டையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"வாங்க வாங்க! நான் சாயங்காலத்துல மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறேன். இவன் என் பையன்."

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

அவள் காதில் வாங்கவில்லை. குனிந்து எலிக்குட்டியின் கன்னத்தைத் தொட்டாள். "ஏம்மா, உன் பூனைக்குக் கால் எப்படி இருக்கு? கட்டு பிரிச்சாச்சா?"

"எந்தப் பூனை?" என்றாள் எலிக்குட்டி.

"எந்தப் பூனை?" என்றான் பையனும், கம்பியில் தொங்கியபடியே.

இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் வந்தன. மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மகளுக்குப் பூனையைப் பற்றித் தெரியாது, அது சரி. ஆனால் நத்தைக்கு எப்படித் தெரியாமல் போகும்? பால் குடித்ததா என்று கேட்டது நத்தைதானே? கண்ணாடிக்காரம்மாவைப் பார்த்தார். அவளும் அவருடைய மகளை அதே மாதிரி விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"நீங்களா?" என்றாள்.

"அப்ப... நீங்களா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "இவன் ஒரு இடத்துல உட்கார மாட்டான் சார். இடைவேளை விட்டா மாடிப்படியில ஏறி இறங்கிட்டு இருப்பான். ஒரு வரியாவது எழுதணும்னு மிஸ் சொன்னாங்க, சரி ஒரு வரின்னு நான்..."

"நானும் ஒரு வரின்னுதான் ஆரம்பிச்சேன்."

அப்படியானால் ஒன்றும் ஏறவில்லை என்றது? சரியா தப்பா தெரியவில்லை என்றது? அதெல்லாம் வகுத்தல் கணக்கே இல்லையா? தான் எழுதிய பதில்களும் நினைவுக்கு வந்தன. அவையும் பூனைக்காரச் சிறுமியின் பதில்கள் இல்லையே.

"பெத்தவங்க குரூப்புல ஒரு தடவை கேட்டது நீங்கதானே?" என்றாள் அவள் திடீரென்று. "பொண்ணு வெளியில பேச மாட்டேங்கறா, வேற யார் வீட்டிலயாவது இப்படி இருக்கான்னு. நான் பதில் எழுதினேன் சார். எழுதிட்டு, யாராவது ஏதாவது நினைப்பாங்களோன்னு அழிச்சிட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆமா, பேச மாட்டாள்னுதானே போட்டிருந்தீங்க? இப்பப் பேசினாளே!"

அப்போதுதான் மெக்கானிக்குக்கே உறைத்தது. வெடுக்கென்று திரும்பினார். எலிக்குட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எந்தப் பூனைன்னு கேட்டேன்ல?" அதே கரகரப்பு, பூங்கா நடுவில், ஊர் கேட்க.

பையன் கம்பியிலிருந்து குதித்தான். "உனக்குத் தொண்டை வலிக்குதா?"

"இல்ல. என் குரலே இப்படித்தான்."

"ஓ," என்றான். அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது அவனுக்கு. அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினான். "சொல்லும்மா, எந்தப் பூனை?"

மெக்கானிக் மூக்கை உறிஞ்சினார். கேட்டால் பூனை மயிர் என்று சொல்லியிருப்பார், ஆனால் யாரும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்தே போய் மிஸ்ஸிடம் ஒப்புக்கொண்டார்கள். மிஸ் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எலிக்குட்டியும் எலிக்குட்டி இல்ல, நத்தையும் நத்தை இல்ல. அப்ப இத்தனை நாளா என் வகுப்புல யாருதாங்க இருந்தாங்க?" பிறகு, "நாளைக்குப் பிள்ளைங்களே எழுதட்டும். எழுதலைன்னா அப்பப் பேசிக்கலாம்," என்றார். குரலில் கண்டிப்பு இருந்தது.

மறுநாள் இடைவேளை. மெக்கானிக் மேஜையருகே நின்றார். திரையில் நத்தை வந்தது: "பூனை எப்படி இருக்கு?"

இது அம்மாவா, பையனா? பதில் எழுதலாமா, கூடாதா? பழக்க தோஷத்தில் விரல் தானாக நீண்டது. பெட்டிக்குள்ளிருந்து எலிக்குட்டி எழுந்து வந்தாள்.

"தள்ளுப்பா."

நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். "பூனையே இல்ல. எங்கப்பாதான் இருக்காரு."

அவர் முன்னறைக்கு வந்தார். திறந்து கிடந்த பிரிட்ஜின் முன்னால் உட்கார்ந்தார். எதற்காக அதைத் திறந்தோம் என்று மறந்துவிட்டது. இடைவேளை நேரத்தில் இனி என்ன செய்வது என்றும் தெரியவில்லை. உள்ளே எலிக்குட்டி எதற்கோ கரகரவென்று சிரித்தாள்.

சட்டைப் பையில் போன் சிணுங்கியது. கண்ணாடிக்காரம்மாவின் மெசேஜ்.

"என்னையும் தள்ளிவிட்டுட்டான். இப்ப நான் என்ன செய்யறதுன்னே தெரியல."

மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. நாளைக்குப் பார்த்துக்கலாம்."